லண்டனில் இரவு இசை கேட்கப் போகும் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு

செப்டம்பர் இன்டேக்குக்கு இங்கிலாந்து புறப்படும் பிள்ளைகள் இந்த முறையும் நிறையப் பேர். கல்முனை, அக்கரைப்பற்று, களுவாஞ்சிகுடி, ஏறாவூர் என்று எல்லாப் பக்கமும் இருக்கிறீர்கள். வாடகை, வங்கிக் கணக்கு, பகுதிநேர வேலை பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கம் வந்திருந்தபோது சில தம்பிமார் வேறொன்று கேட்டார்கள். "அண்ணன், கொவென்ட்ரியில படிக்கப் போறம். வீக்கெண்டுல லண்டன் வந்தா ராக், மெட்டல், எலக்ட்ரோனிக் எல்லாம் எங்க கேக்கலாம்? பயமில்லையா?"

என் பதில் இதுதான்: நடுச்சாமத்துக் கிளப்பில் தொடங்காதீர்கள். மாலை ஏழு மணிக்கு ஒரு சின்ன மேடைக்கு முன்னால் தொடங்குங்கள்.

லண்டனில் பப்பின் பின்னறையிலும் நிலத்துக்குக் கீழேயும் நூறு, இருநூறு பேர் நின்று கேட்கும் இடங்கள் இருக்கின்றன. ஏழு, ஏழரைக்குக் கதவு திறக்கும். இரண்டு மூன்று குழுக்கள் அடுத்தடுத்து வாசிக்கும், பெரும்பாலும் பதினொரு மணியோடு முடிந்துவிடும். டிக்கெட் பெரிய அரங்கு விலையில் ஒரு சின்னப் பங்குதான். வாசித்து முடிந்ததும் அந்தக் கலைஞர்களே ஒரு மேசை போட்டு இசைத்தட்டும் டீஷேர்ட்டும் விற்பார்கள். போய்க் கதைக்கலாம். யாரோடும் கதைக்க வாய் வராத முதல் மாதங்களில், "அந்த மூன்றாவது பாட்டு நல்லாயிருந்தது" என்று தொடங்குவது லேசு. லண்டன் ஐ ராட்டினமும் வெஸ்ட்ஃபீல்ட் கடைத்தொகுதியும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இந்த நகரத்தின் மனிதர்கள் கிடைப்பதில்லை.

மெட்டல், பங்க் பிடித்தவர்கள் கேம்டன் டவுனில் இறங்குங்கள். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே வேர்ல்ட்ஸ் எண்ட் என்ற பப், அதற்குக் கீழே அண்டர்வேர்ல்ட். ஒக்ஸ்ஃபோர்ட் தெரு 100ஆம் இலக்கத்தில் 100 கிளப் இருக்கிறது. 1942இல் ஜாஸோடு ஆரம்பித்த அதே நிலவறையில்தான் 1976 செப்டம்பரில் செக்ஸ் பிஸ்டல்ஸும் த க்ளாஷும் வாசித்த பங்க் விழா நடந்தது. மேலே கடைத்தெருச் சனம் போய்க்கொண்டிருக்கும், கீழே அப்படியொரு சத்தம். தெற்கே பிரிக்ஸ்டனில் விண்ட்மில் என்ற சின்னப் பப். பிளாக் மிடி, பிளாக் கன்ட்ரி நியூ ரோட் போன்ற குழுக்கள் அங்கே வாசித்துத்தான் வெளியே தெரியவந்தன. ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரமிருக்கிறது என்றால் விண்ட்மில்லுக்குப் போங்கள்.

டால்ஸ்டனில் 2008இல் தொடங்கிய கஃபே ஓட்டோ வேறு உலகம். சோதனை இசை. ஒருவர் ஒரு மணித்தியாலம் ஒரு டிரம்மை மட்டும் வைத்துக்கொண்டு வாசிப்பார், ஒருவரும் மூச்சுவிட மாட்டார்கள். "இது என்ன இசை?" என்று முதலில் தோன்றலாம். ஆனால் அண்ணாவியாரின் மத்தளத்தோடு விடியவிடிய வடமோடிக் கூத்துப் பார்த்த காதுக்கு நீண்ட தாளம் புதிதில்லை. பொறுத்திருந்து கேளுங்கள். அங்கே வருகிறவர்கள் மற்ற ஊர்களின் இசையை உண்மையாகவே விரும்புகிறவர்கள். எந்த ஊர் என்று கேட்டால் "ஸ்ரீலங்கா" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். கூத்தைச் சொல்லுங்கள், கரையோர முஸ்லிம் ஊர்களின் களிகம்பைச் சொல்லுங்கள், மட்டக்களப்புப் பறங்கியர் வயலினோடு ஆடும் கஃப்ரிஞ்ஞாவைச் சொல்லுங்கள்.

எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே ஒரு பழைய தடமும் உண்டு. எண்பது, தொண்ணூறுகளில் பெற்றோர் இரவில் வெளியே விடாததால் தெற்காசியப் பிள்ளைகள் பகலிலேயே பங்க்ரா பார்ட்டி வைத்தார்கள். டேடைமர் என்று பெயர். அந்தப் பெயரையே எடுத்து 2020இல் ஒரு இளைஞர் கூட்டம் டேடைமர்ஸ் என்று தொடங்கியது. 1995இல் ஹொக்ஸ்டன் சதுக்கத்தின் புளூ நோட் கிளப்பில் தபேலாக் கலைஞர் தல்வின் சிங் அனோகா என்ற இசை இரவை நடத்தினார், 1999இல் சிறந்த அல்பத்துக்குக் கொடுக்கும் மேர்க்குரி பரிசும் வாங்கினார். ஹவுன்ஸ்லோவில் பிறந்து சிறுவயதில் சில காலம் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த மாதங்கி அருள்பிரகாசம், அதாவது பாடகி எம்.ஐ.ஏ., 2005இல் வந்த தன் முதல் அல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரையே வைத்தார்.

சரி, வாசல் விஷயம். 25 வயதுக்குக் குறைவாகத் தெரிந்தாலே அடையாள அட்டை கேட்பார்கள். இப்போது விசா ஒன்லைனில்தான் இருக்கிறது, அதைப் போனில் காட்டினால் வாசல்காரர் விடமாட்டார். பாஸ்போர்ட்டைக் கூட்டத்துக்குள் கொண்டு திரியவும் வேண்டாம், துலைந்தால் பெரிய அலைச்சல். அந்த நாட்டில் குறைந்தது 185 நாள் தங்க அனுமதி உள்ளவர்கள் புரொவிஷனல் ட்ரைவிங் லைசன்ஸ் (ஓடப் பழகுகிறவர்களுக்கான லைசன்ஸ்) எடுக்கலாம், ஒன்லைனில் 34 பவுண். அல்லது PASS என்ற முத்திரை போட்ட, வயதை உறுதிசெய்யும் அட்டை ஒன்று எடுங்கள்.

குடிக்காதவர்கள் தயங்க வேண்டியதில்லை. மதுபான லைசன்ஸ் உள்ள இடத்தில் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் சட்டம். கையில் தண்ணீர்க் கிளாஸோடு நிற்பவரை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மெட்டல் நிகழ்ச்சியில் முன்னால் இடித்து ஆடுவார்கள், விழுந்தால் பக்கத்தில் நிற்பவர்களே தூக்கிவிடுவார்கள். அது வேண்டாமென்றால் பின்னால் சவுண்ட் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். இசை ஆகத் தெளிவாகக் கேட்பதும் அங்கேதான். காதடைப்பான் கட்டாயம் கொண்டுபோங்கள். போன செவிப்புலன் திரும்பி வராது.

அறுகம்பே சீசன் பார்ட்டிகளைப் பார்த்தவர்கள் சிலவற்றை விளையாட்டாக எடுப்பீர்கள். எடுக்காதீர்கள். கஞ்சா அங்கே பி வகுப்புப் போதைப்பொருள். பலூனில் அடைத்துத் தரும் நைட்ரஸ் ஒக்ஸைட்டும் 2023 நவம்பரிலிருந்து சி வகுப்பு. பிடிபட்டால் விசாவுக்கே ஆபத்து. 1999இல் தொடங்கிய ஃபேப்ரிக் கிளப், போதைப்பொருளால் நேர்ந்த மரணங்களுக்குப் பின் 2016இல் லைசன்ஸை இழந்து மூடப்பட்டு, அடுத்த ஜனவரியில்தான் திறந்தது. அதனால் வாசலில் சோதனை கடுமை. இன்னொன்று, கிட்டார் வாசிக்கும் பிள்ளைகள் கவனியுங்கள். மாணவர் விசாவில் காசுக்கு மேடையேற முடியாது.

தங்கச்சிமாருக்கு: உங்கள் கிளாஸைக் கண்ணுக்கு முன்னாலேயே வைத்திருங்கள். யாராவது தொந்தரவு செய்தால் பாரில் போய் "ஏஞ்சலா இருக்கிறாரா?" என்று கேளுங்கள். அந்தத் திட்டத்தில் சேர்ந்த இடங்களில் ஊழியருக்கு விளங்கும், உங்களைப் பத்திரமாக வெளியே எடுத்துவிடுவார்கள்.

மறுகா, வீடு திரும்புவது. வெள்ளி, சனி இரவுகளில் விக்டோரியா, ஜுபிலி, சென்ட்ரல், நோர்தர்ன், பிக்கடிலி ஆகிய ஐந்து பாதைகளில் ட்யூப் விடியும்வரை ஓடும். நோர்தர்னில் பேங்க் வழியாகப் போகும் கிளை ஓடாது. மற்ற நாள்களில் எண்ணுக்கு முன்னால் N என்ற எழுத்துள்ள இரவு பஸ்களைப் பிடியுங்கள். தெருவில் கைகாட்டி ஏறுவதென்றால் கறுப்பு டாக்ஸியில் மட்டும் ஏறுங்கள். "டாக்ஸி வேணுமா?" என்று பக்கத்தில் வந்து கேட்பவரோடு போகவே கூடாது. கொவென்ட்ரிக்குக் கடைசி ரயிலை டிக்கெட் வாங்க முதலே பாருங்கள். சனிக்கிழமைகளில் அது நேரத்தோடு போய்விடும்.

கொவென்ட்ரிக்குப் போகிற தம்பிமாருக்கு இன்னும் ஒன்று. நீங்கள் போகும் ஊரே சின்ன ஊர் இல்லை. 1979இல் டூ டோன் ரெக்கோர்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் அங்கேதான் தொடங்கியது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் ஸ்கா என்ற ஜமெய்க்கா இசையை வாசித்து, இனவெறிக்கு எதிராக நின்ற த ஸ்பெஷல்ஸ் அந்த ஊர்க் குழு. அங்கே கொவென்ட்ரி மியூசிக் மியூசியமும் இருக்கிறது. மெட்டல் பிடித்தவர்களுக்கு, பிளாக் சபத் உருவான பர்மிங்ஹாம் ரயிலில் கிட்டத்தட்ட அரை மணித்தியாலம். லண்டன் டிக்கெட்டுக்குக் காசு சேரும்வரை இரண்டு இடத்துக்கும் போய்வாருங்கள்.