மறு: 'மாடல்' – மாதிரியா, நிகரியா, போல்மமா?

அன்பர்களே,

வெள்ளிக்கிழமை இயற்பியல் அத்தியாயம் பதிப்பாசிரியர் கைக்குப் போயாக வேண்டும். 'மாடல்' (model) என்பதற்கு, அதாவது இயற்கையில் நடப்பதைக் கணக்கால் காட்டும் அமைப்புக்கு, இன்னும் தமிழ்ச் சொல் முடிவாகவில்லை. என் கருத்தை இந்த மடலில் சொல்லிவிடுகிறேன்.

'மாதிரி' எல்லோருக்கும் புரியும்தான். ஆனால் அதே நூலில் புள்ளியியல் பகுதியும் இருக்கிறது. அங்கே ஆய்வுக்கு எடுக்கும் கூறுக்கும் 'மாதிரி' என்றுதான் பெயர். "மாதிரியைக் கொண்டு மாதிரியைச் சரிபார்க்க" என்று ஒரு வரி எழுதி, திரும்பப் படித்ததும் அடித்துவிட்டேன்.

'நிகரி' சுருக்கமானது, தூய தமிழ் என்று அதை முன்மொழிந்தவர் சொல்கிறார். இரண்டும் உண்மை. நான் மறுப்பது பொருளை. நிகர் என்றால் சமம். நாம் பெயர் தேடும் பொருளோ ஒருநாளும் சமமாகாதது. ஊசலைப் பாருங்கள். ஒரு மீட்டர் நூலுக்கு அலைவு நேரம் 2.01 நொடி என்கிறது பாடநூல் வாய்பாடு. குண்டை 90 பாகைக்குத் தூக்கி விட்டால் அது 2.37-ஐ நெருங்கிவிடும். ஊசல் சிறு கோணத்தில்தான் ஆடுகிறது என்ற வாய்பாட்டின் எடுகோளைக் கைவிட்டால் அந்த 2.37-ஐயும் கணக்கிலேயே பெறலாம். சரி, அப்புறம்? காற்று தடுக்கிறது, நூலுக்கும் எடை உண்டு, ஆணியில் முடிச்சு உராய்கிறது. ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்கக் கணக்கு நெருங்கும். ஒன்றுவிடாமல் சேர்க்க வேண்டுமானால் இன்னோர் ஊசலைத்தான் கட்டித் தொங்கவிட வேண்டும்.

எலக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறனில் (அது எவ்வளவு வலிய சிறு காந்தம் என்பதற்கான அளவு) கணக்கும் அளவீடும் பத்து இலக்கத்துக்குப் பொருந்துகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். பொருந்துகிறது, எனக்கும் அது வியப்புதான். ஆனால் பொருந்துவது ஓர் எண் மட்டும். "வினைபயன் மெய்உரு என்ற நான்கே" என்று, செயல், பயன், வடிவம், நிறம் என நான்காகத் தொல்காப்பியர் உவமையைப் பிரித்தது இதற்கு உதவும். பவளவாய் என்றால் ஒப்பு நிறத்தில் மட்டும். பவளத்தின் கடினத்தை யாரும் உதட்டில் தேடுவதில்லை. (அங்கே 'உரு' என்பது நிறம், வடிவத்துக்கு 'மெய்'. அதே மெய்தான் உண்மைக்கும் உடலுக்கும் பெயர். இதைப் பற்றித் தனி மடலே எழுதலாம்.)

'போலி' என்ற சொல்லை மீட்க எனக்கு ஆசை உண்டு. ஐந்து அஞ்சானால் முற்றுப்போலி, இல்முன் முன்றிலானால் இலக்கணப்போலி. இலக்கணத்தில் அதற்கு ஒரு களங்கமும் இல்லை. ஆனால் இன்று 'காலநிலைப் போலி' என்று எழுதினால் ஏமாற்று வேலை என்றே படிப்பார்கள். அதனால்தான் 'போல்மம்' பிடிக்கிறது. போல் என்ற வேர், அது முழுக்க அதுவே ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. மாணவர்க்குப் புரியாது என்கிறீர்கள். முதல்முறை புரியாதுதான், 'முடுக்கம்' மட்டும் முதல்முறையே புரிந்ததா?

பெரும்பான்மை 'மாதிரியுரு' பக்கம் சாய்ந்திருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் ஏற்கெனவே புழங்கும் சொல் என்பதால் அத்தியாயத்தில் அதையே இடுகிறேன். சமன்பாட்டுக்கு ஏது உரு என்ற குறை எனக்குத் தீரவில்லை. முதல் இடத்தில் மட்டும் 'போல்மம்' என்று அடைப்புக்குறிக்குள் சேர்க்கிறேன். ஆட்சேபம் இருந்தால் வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள். 'நிகரி' மட்டும் வேண்டாம்.