பழைய பாட்டு படித்தால் எழுத்து வளருமா?

காசிமேட்டுப் பையன்:
தமிழ் இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். "கதை எழுத ஆசை இருந்தால் சங்கப் பாட்டை மூடிவைத்துவிட்டுத் தெருவைப் பார்" என்று போன வாரம் எண்ணூர்க்காரர் எழுதியிருந்தார். எனக்கு அது ஒப்பவில்லை, ஏனென்றால் எங்கள் தெருவையே எனக்குக் காட்டியது நற்றிணை 45ஆம் பாட்டுதான். தேர் வைத்திருக்கிற பணக்காரர் வீட்டுப் பையன் மீன் பிடிக்கும் பரதவர் மகளைத் தேடி வருகிறான், அவளுடைய தோழி மறிக்கிறாள். "நிணச் சுறா அறுத்த உணக்கல் வேண்டி இனப்புள் ஒப்பும் எமக்கு நலன் எவனோ? புலவு நாறுதும் செல நின்றீமோ!" சுறாவை அறுத்துக் காயப்போட்டுப் பறவை விரட்டுகிற எங்களுக்கு அழகு என்ன அழகு, கவுச்சி அடிக்கும், தள்ளி நில் என்கிறாள். எங்கள் ஆயா தார்ப்பாயில் கருவாட்டைப் பரப்பிவிட்டுக் கையில் குச்சியோடு காக்கா விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், ஒரு வரி எழுதத் தோன்றியதில்லை. பள்ளியில் ஒரு கட்டுரையில் 'கவுச்சி' என்று எழுதியதற்குச் சிவப்பு மையில் சுழித்து 'கொச்சை' என்று போட்டுத் தந்தார்கள். புலவு நாறுதும் என்ற வரியைப் படித்த அன்றுதான் அந்தச் சுழி என் மனசிலிருந்து அழிந்தது.

எண்ணூர்க்காரன்:
தம்பி, உன் ஆயாவை உனக்குக் காட்ட இத்தனை நூற்றாண்டு பழைய பாட்டு எதற்கு? சொன்னதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. புலவர் மீனவப் பெண் பேசுகிற மாதிரி எழுதினார், அவள் எழுதவில்லை. நாம் நம் வாயால் பேச ஆரம்பித்ததே இப்போதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதே, அதைச் சொல்ல எந்தத் திணையில் சொல் இருக்கிறது? முதல் வருடம் நன்றாக எழுதிய பிள்ளைகள் மூன்றாம் வருடத்தில் 'யாம்', 'நும்' என்று எழுதுவதைப் பார்த்து மனசு விட்டுப்போயிருக்கிறேன்.

தண்டையார்பேட்டை அக்கா:
அந்தப் பாட்டைப் பாடியவர் பெயரே நமக்குக் கிடைக்கவில்லை. அப்புறம் அவர் மீன் அறுத்தவரா இல்லையா என்று நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்? ஆனால் தம்பி, வகுப்பில் யார் எந்தச் சூழலில் பேசுகிறார் என்று துறை விளக்கம் எழுதி மதிப்பெண் வாங்குவது வேறு, நீ படித்த படிப்பு வேறு. உன்னை மாதிரி எல்லாருக்கும் அது திறந்துகொள்ளாது.

காசிமேட்டுப் பையன்:
சொல் இல்லைதான் அண்ணா. நான் எடுத்துக்கொண்டது சொல்லை இல்லை. காதலைப் பாடுகிற அகப்பாட்டில் தலைவன் தலைவியைப் பெயர் சொல்லிக் குறிக்கக் கூடாது, புலவரும் தன் குரலில் நடுவே வந்து புலம்ப முடியாது, ஒருத்தி இன்னொருத்தரிடம் பேசியாக வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டோடு, நீங்கள் சொன்ன அந்த எண்ணெயைப் பற்றி நான் எழுதிவைத்திருந்த கதையைத் திரும்ப எழுதினேன். முதலில் 'சுற்றுச்சூழல் சீரழிவு' என்று இரண்டு பக்கம் இருந்தது. இப்போது சித்தப்பா படகுக் கயிற்றை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கிறார், சித்தி சோற்றுத் தட்டோடு வருகிறார், "கையால தொட முடியாது, நீயே ஊட்டிவிடு" என்கிறார் சித்தப்பா. அப்புறம் நிவாரணப் பணத்துக்கு வரிசையில் நிற்கிறார். அதோடு முடிகிறது.

எண்ணூர்க்காரன்:
சோறு ஊட்டுகிற இடம் பிரமாதம், மறுக்கவில்லை. ஆனால் அது உன் சித்தப்பாவிடமிருந்து வந்தது. பாட்டிலிருந்து வந்தது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சரி, நீயே எடுத்த பாட்டில் கடைசி வரியை ஏன் விட்டாய்? "எம்மனோரில் செம்மலும் உடைத்தே". எங்கள் ஆட்களிலும் பெரிய மனிதர்கள் உண்டு என்று நிமிர்ந்து நின்றுதான் அவள் முடிக்கிறாள். நாற்றத்தோடு நிறுத்தினால் அது வெறும் பரிதாபம். உன் கதையும் வரிசையில் நின்றே முடிகிறது.

காசிமேட்டுப் பையன்:
இது உறைத்தது அண்ணா. வரிசையில் நிற்கிற இடத்தை இன்று ராத்திரியே எடுத்துவிடுகிறேன். மறுநாள் விடியற்காலை அவர் அதே கயிற்றைப் பிடித்துப் படகை இழுத்ததும் உண்மைதான், அதை எழுதாமல் விட்டிருக்கிறேன். ஆனால் அதை நீங்கள் காட்டியது அந்தப் பாட்டின் வரியை வைத்துத்தானே? நற்றிணையை நான் மூடிவைக்கப் போவதில்லை.