மகளுக்கு வீடு கட்டுவதும் பூமியிலே பொக்கிஷம் சேர்ப்பதாகுமா?

கல்முனை வயற்காரன் (கேள்வி)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். மூன்று ஏக்கர் வயல் செய்கிறேன். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். நம் பகுதி வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் பேச முடியாது. மூத்தவளுக்கான வீடு லிண்டல் மட்டத்தில் நின்றுவிட்டது. இந்தப் பெரும்போக நெல்லில் 40 மூடையை விலை ஏறட்டும் என்று விறாந்தையில் அடுக்கி வைத்திருக்கிறேன். சென்ற ஞாயிறு ஆராதனையில் லூக்கா 12இல் வரும் மதிகெட்ட ஐசுவரியவானைப் பற்றிப் பிரசங்கம். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தவனின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, என் மனக்கண்ணில் அந்த மூடைகளே நின்றன. மத்தேயு 6:19இன்படி நானும் பூமியிலே பொக்கிஷம் சேர்க்கிறேனா? ஐசுவரியம் வந்தாலே ஆசீர்வாதத்துக்கு அடையாளம் என்று வேறொரு ஜெபக்கூட்டத்தில் சொன்னார்கள். இரண்டில் எதை எடுப்பது?

தாண்டவன்வெளி ஓய்வு ஆசிரியர்

தம்பி, இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம். ஐசுவரியமுள்ளவராயிருந்தும் நமக்காகத் தரித்திரரானவர் என்று 2 கொரிந்தியர் 8:9 கிறிஸ்துவைக் குறித்துச் சொல்கிறது. பணம்தான் ஆசீர்வாதத்தின் அளவுகோல் என்றால் அந்த வசனத்தை எங்கே வைப்பது என்று அவர்களிடமே கேளுங்கள்.

உங்கள் முதற்கேள்விதான் கனமானது. மத்தேயு 6:19இல் ‘துரு’ என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது ‘புரோசிஸ்’ என்னும் சொல். அதன் நேர்ப்பொருள் தின்னுதல். உலோகத்தைத் தின்னும் துரு என்று நம் மொழிபெயர்ப்பு எடுத்துக்கொண்டது. தானியத்தைத் தின்னும் பூச்சி புழுக்கள் என்று கொள்வோரும் உண்டு. மூடையில் கையை விட்டு அந்துப்பூச்சியைக் கண்டவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் மத்தேயுவில் ‘சேர்த்து வைக்கவேண்டாம்’ என்று வரும் அதே வினைச்சொல்லைத்தான் பவுல் 2 கொரிந்தியர் 12:14இல், பிள்ளைகளுக்குப் பெற்றாரே பொக்கிஷங்களைச் சேர்த்துவைக்க வேண்டும் என்னும் இடத்திலும் எழுதுகிறார். அவர் அங்கே தம் ஊழியத்துக்கு உவமையாகவே அதைச் சொல்கிறார் என்பது உண்மை. எனினும் பெற்றோரின் அந்தக் கடமையை எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார். லூக்காவின் ஐசுவரியவானையோ கவனமாக வாசியுங்கள்: என் களஞ்சியங்கள், என் பொருள்கள் என்கிறான்; பேசுவதற்குத் தன் ஆத்துமாவைத் தவிர அவனுக்கு ஆளில்லை; அந்த வயலை அறுத்தவர் யார் என்று ஒரு சொல்லும் இல்லை. ‘தனக்காகவே’ சேர்த்துவைக்கிறவன் என்று 21ஆம் வசனம் அவனைக் குறிக்கிறது. விளைச்சல் பெருகியது அவன் குற்றமன்று. சீதன வழக்கம் சரியா என்பது வேறு வழக்கு. அதை இங்கே இழுக்க மாட்டேன்.

நாவலடியில் இருந்தவள்

ஆசிரியர் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் சுனாமியில் எங்கள் வீடு அத்திவாரம் மட்டும் மிஞ்சிப் போயிற்று. அலுமாரியில் இருந்த நகை போனது. கடனுக்காக வங்கியில் ஈடு வைத்திருந்த ஒரு சங்கிலி மட்டும் தப்பியது, அதன் அடகுச் சீட்டும் கடலோடு போய்விட்டது. இன்றைக்குச் சிரிக்கிறோம். ஆனால் முகாமில் இருந்த நாட்களில், பொருள் அழியக்கூடியது, அதற்காக அழாதீர்கள் என்று எங்களுக்குப் போதிக்க வந்தவர்களின் பேச்சை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அந்த வசனம் உள்ளவனை நோக்கிச் சொல்லப்பட்டது. கூடாரத்தில் இருப்பவளை வாயடைக்கச் சொல்லப்பட்டதன்று. பின்னர் நிரந்தர வீடு கிடைத்து, கதவை உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்ட முதல் இரவில்தான் எனக்கு ஜெபிக்கவே வந்தது. ஆகவே, அண்ணன், பிள்ளைக்குக் கட்டும் வீட்டைப் பாவமென்று எண்ணாதீர்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து

எல்லோரும் வீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அந்த 40 மூடைதான் உறுத்துகிறது. யாக்கோபு 5ஆம் அதிகாரம் பொக்கிஷம் சேர்த்தவர்களைக் கண்டித்த கையோடு, வயல்களை அறுத்தவர்களுடைய பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று தொடர்கிறது. உபாகமம் 24இல் பொழுது சாயுமுன் கூலியைக் கொடுக்கவேண்டும் என்றிருக்கிறது. அவன் ஏழை, அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்று காரணமும் சொல்லப்படுகிறது. அறுவடை இப்போது இயந்திரத்தில்தான் நடக்கிறது. ஆனாலும் வரம்பு செதுக்கியவருக்கும் மருந்து அடித்தவருக்கும் மூடை சுமந்தவருக்கும் கணக்கு முடிந்துவிட்டதா? நெல் விலை ஏறும்வரை காத்திருப்பது நீங்கள் மட்டும்தானா, அவர்களும் சேர்ந்தா? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை; என் தகப்பனாரும் இதைத்தான் செய்தார், நெல் விற்றதும் தருகிறேன் என்பார்.

கல்முனை வயற்காரன்

பதில் எழுத இரண்டு நாள் சுணங்கிவிட்டது, மன்னிக்கவும். இருவருக்குப் பாக்கி இருந்தது. வரம்பு வேலை செய்தவர் கேட்கவே இல்லை. கேட்காததால் அவருக்கு அவசரமில்லை என்று நானே நினைத்துக்கொண்டேன். நேற்று 12 மூடையை இன்றைய விலைக்கே ஆலைக்குக் கொடுத்தேன். மருந்து தெளிக்கும் கருவியை முதுகில் கட்டியபடி நின்றவரிடம் வரம்பிலேயே காசைக் கொடுத்தபோது, அவர் எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வீட்டு வேலை எப்போது தொடங்குகிறது என்று கேட்டார். உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் மேசன் வருகிறார்.