பந்து எங்களிடம், கோல் அவர்களிடம்

எங்கள் குடும்பக் குழுவில் வழக்கமாக வருவது காலை வணக்கப் படமும் மீன் விலையும்தான். போன ஞாயிறு, மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் எங்கள் ஊர்க் கால்பந்து அணி சொந்த மைதானத்தில் தோற்ற இரவு மட்டும் வேறு மாதிரிப் போனது. தம்பி அந்த அணியில் நடுவில் ஆடுபவன், 6ஆம் இலக்கம். மாமியின் இறால் கதையை முக்கால்வாசி வெட்டிவிட்டு மிச்சத்தை அப்படியே போடுகிறேன்.

ஞாயிறு

6.48 சின்ன மாமா: வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். தொண்டை போய்விட்டது. யாரும் போன் எடுக்க வேண்டாம், எழுதுகிறேன்.

6.49 சின்ன மாமா: மருமகன், உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. எதிர் அணியின் கோல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று உங்களுக்கு யாராவது சொன்னார்களா?

6.52 அக்கா: தோல்வியா?

6.52 சின்ன மாமா: 0-1. முழு நேரமும் பந்து எங்களிடம். கோல் மட்டும் அவர்களிடம்.

6.55 மாமி: நாளைக்குக் காலையில் பாலத்தடிக்கு யாராவது போகிறீர்களா? இறால் வேணும்.

7.04 கட்டார் அத்தான்: டியூட்டி முடிந்து பஸ்ஸுக்குள் இருக்கிறேன். எப்படி மாமா கோல் விழுந்தது?

7.09 சின்ன மாமா: சொன்னால் சிரிப்பீர்கள். ஆட்டம் முடிய இன்னும் கால் மணித்தியாலம்தான் இருக்கும். எங்களுக்குக் கோல் கிக். கோலி நீட்டி அடிக்காமல், கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெட்டிக்குள்ளேயே பக்கத்தில் நின்ற பின்வரிசைப் பொடியனுக்குத் தட்டினான். அவன் திரும்பக் கோலிக்கே தட்டினான். நேற்றைய மழைத் தண்ணீர் கோல் வாசலில் குளமாகக் கிடக்கிறது. பந்து அந்தத் தண்ணீருக்குள் போய்த் தொப்பென்று நின்றுவிட்டது, மாடு குளிக்க இறங்கின மாதிரி. கோலி இந்தப் பக்கம், பின்வரிசை அந்தப் பக்கம், இரண்டு பேரும் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எதிர் அணியின் ஏறாவூர்ப் பொடியன் ஓடி வந்து நுனிக்காலால் தள்ளினான். பந்து போனதை விடத் தண்ணீர் தெறித்ததுதான் அதிகம்.

7.11 பெரிய மாமா: பெட்டிக்குள் வாங்கினால் திரும்ப அடிக்கச் சொல்ல வேண்டுமே. ரெஃபரி தூங்கினாரா?

7.13 நான்: அது பழைய சட்டம் மாமா. 2019இல் மாற்றிவிட்டார்கள். கோல் கிக்கை இப்போது பெட்டிக்குள்ளேயே நம் ஆள் வாங்கலாம். பந்து அசையும் வரைக்கும் எதிர் அணிதான் வெளியே நிற்க வேண்டும். உலகம் முழுக்கக் கோலிகள் பக்கத்தில் தட்டத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

7.14 சின்ன மாமா: அந்தச் சட்டத்தை எழுதினவன் மாரி மழைக்குக் கல்லடிக்கு வந்திருக்க மாட்டான்.

7.16 சின்ன மாமா: எல்லாம் கோச்சின் வேலை. போன வருடம் வரைக்கும் ஒழுங்காக ஆடின பொடியன்கள். இவர் வந்தார், வட்டமாக நிற்க வைத்து நடுவில் ஒருத்தனை ஓடவிட்டு ஒரு மாதம் பழக்கினார். பந்து எங்களிடம் இருந்தால் அவன் கோல் அடிக்க ஏலாதாம். சரி, நாங்களும் அடிக்கவில்லையே ஐயா!

7.18 சின்ன மாமா: முதல் பாதியில் எண்ணினேன். ஒரே மூச்சில் 23 பாஸ். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். 23ஆவது பாஸ் யாருக்குப் போனது தெரியுமா? எங்கள் கோலிக்கு.

7.19 அக்கா: சிரித்ததில் தேத்தண்ணியை ஊற்றிவிட்டேன்.

7.27 கட்டார் அத்தான்: மாமாவுக்கு 23 பாஸுக்கே தொண்டை போய்விட்டது. நான் ஆயிரம் பார்த்தவன். 2022 டிசம்பர் 6, உலகக் கிண்ணத்தில் ஸ்பெயின் - மொரோக்கோ. மைதானத்துக்குள் போகக் கிடைக்கவில்லை, கேம்பில் பெரிய திரை போட்டிருந்தார்கள். எங்கள் அறையில் ஸ்பெயினுக்கு நின்றது நான் ஒருவன்தான். 120 நிமிடம், ஆயிரத்துக்கும் மேல் பாஸ், கோல் முட்டை. பெனால்டிக்குப் போனால் அங்கேயும் முட்டை. சராபியா கம்பத்துக்கு அடித்தார், சோலேரும் புஸ்கெட்ஸும் மொரோக்கோக் கோலி போனோவின் கைக்கு அடித்தார்கள். கடைசியில் மாட்ரிட்டிலேயே பிறந்த ஹக்கிமி வந்து, ஓடி வந்த வேகத்தை விட்டுவிட்டு நடுவில் மெல்லத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு இரவு தோகா ரோட்டில் மொரோக்கோக்காரர் அடித்த ஹோர்ன் இன்னும் காதுக்குள் கிடக்கிறது.

7.29 நான்: அதில் பெரிய பகிடி என்ன தெரியுமா அத்தான்? ஆயிரம் பெனால்டியாவது பழகிக்கொண்டு வாருங்கள் என்று ஒரு வருடத்துக்கு முன்பே பொடியன்களுக்குச் சொல்லிவிட்டதாக ஸ்பெயினின் அப்போதைய கோச் லூயிஸ் என்ரிக்கே அந்த ஆட்டத்துக்கு முன்னர்தான் சொல்லியிருந்தார்.

7.30 கட்டார் அத்தான்: ஆயிரம் பாஸைப் பழகிவிட்டார்கள் போல. பாடம் மாறிப் போச்சு.

7.33 நான்: 2018 உலகக் கிண்ணத்திலும் ஸ்பெயினுக்கு இதே கதைதான். மொஸ்கோவில் ரஷ்யாவோடு 1-1, அன்றைக்கும் ஆயிரத்துக்கும் மேல் பாஸ், பெனால்டியில் வீட்டுக்கு. கடைசிப் பந்தை ரஷ்யக் கோலி அகின்ஃபியேவ் விழுந்துகொண்டே காலால் தட்டிவிட்டார்.

7.35 சின்ன மாமா: அதைத்தான் நானும் சொல்கிறேன். இந்த ஆட்டமே ஏமாற்று.

7.41 பெரிய மாமா: சின்னவன், 2010இல் இதே ஸ்பெயின் உலகக் கிண்ணம் தூக்கின அன்று என் வீட்டு முற்றத்தில் பட்டாசு கொளுத்தினது யார்?

7.42 சின்ன மாமா: அது வேறு அண்ணன்.

7.44 பெரிய மாமா: என்ன வேறு? ஏழு ஆட்டத்தில் எட்டே எட்டுக் கோல். நொக் அவுட் நாலும் 1-0. இறுதி ஆட்டத்தில் 116ஆவது நிமிடம் வரைக்கும் உன்னை நாற்காலியில் பிடித்து வைத்திருந்தோம். வென்றால் பொறுமை, தோற்றால் ஏமாற்றா?

7.45 மாமி: இறால் யாரும் வாங்க மாட்டீர்களா?

7.52 பெரிய மாமா: வெபர் மைதானத்தில் நான் ஆடிய நாட்களில் இதற்கெல்லாம் பெயர் கிடையாது. பின்னேரம் வாவிப் பக்கம் இருந்து காற்று அடிக்கும். காற்றை எதிர்த்து ஆடுகிற பாதியில் தூக்கி அடித்தால் பந்து திரும்பி நம் தலைக்கே வரும். ஆகவே தரையோடு தட்டித் தட்டிப் போவோம். அடுத்த பாதியில் காற்று நம் முதுகுக்கு வந்ததும் தூக்கி அடிப்போம். அவ்வளவுதான். மைதானத்தைக் கேட்டுவிட்டுத்தான் ஆட்டம்.

7.53 சின்ன மாமா: அண்ணன், இதை நீங்கள் கோச்சுக்குச் சொல்ல வேணும். கோல் வாசலில் குளத்தை வைத்துக்கொண்டு அதற்குள் பாஸ் கொடுக்கிறார்கள்!

(இவ்வளவுக்கும் தம்பி வாயே திறக்கவில்லை. இரண்டு தடவை 'எழுதுகிறார்' என்று வந்து மறைந்தது. குசினியில் சோற்றுக் கோப்பையோடு போனைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.)

8.20 அம்மா: எனக்குப் பந்து விளையாட்டுத் தெரியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். இவனுடைய ஜேர்சியை ஊறப் போட எடுத்தேன். அத்தனை சேறும் தண்ணியும் இருந்த மைதானம். காற்சட்டையில் நாலு பொட்டு. சட்டையின் முன்பக்கம் இப்போதுதான் அயர்ன் பண்ணி மடித்த மாதிரி. எனக்கு வேலை குறைவு, சந்தோசம்தான். ஆனால் இது விளையாடின சட்டையா?

8.21 சின்ன மாமா: அக்கா! அக்கா! ஒரு வருடமாக நான் கத்தினதை நீங்கள் ஒரு சட்டையில் சொல்லிவிட்டீர்கள்.

8.34 தம்பி: சரி, இனி நான் எழுதுகிறேன். மாமா, தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வலது பக்கம் ஒரு இடைவெளி தெரிந்தது. இரண்டு பேருக்கு நடுவால் நீட்டிக் கொடுத்தேன். 7ஆம் நம்பர் எட்ட முதல் பந்து கோட்டைத் தாண்டிவிட்டது. அப்போது வெளியே நின்று "காலா அது, கட்டையா" என்று கேட்டது யார்?

8.36 சின்ன மாமா: பலரும் கத்தினார்கள்.

8.36 தம்பி: மாமா.

8.37 சின்ன மாமா: நானும் கத்தினேன்.

8.43 தம்பி: அதற்குப் பிறகு பக்கத்தில் நின்றவனுக்குத் தட்டினேன். ஒருவரும் ஏசவில்லை. பின்னால் தட்டினேன், அப்போதும் ஏசவில்லை. 23 பாஸ் எண்ணினீர்களே, அதில் ஐந்தாறு என்னுடையது. எல்லாம் சரியாகப் போனது. எவனும் பிழை விடவில்லை, ஆனால் பந்து கோலிக்குப் போய்ச் சேர்ந்தது. முன்னால் கொடுத்தால் பத்தில் ஏழு போகாது. அந்த ஏழுக்கும் ஏச்சு. பின்னால் கொடுத்தால் ஏச்சு கோச்சுக்கு. எனக்குக் கோச்சுக்கு விழட்டும் என்றுதான் இருந்தது.

8.44 அக்கா: உண்மையைச் சொல்லிவிட்டான்.

8.47 தம்பி: கோச் பின்னால் தட்டச் சொல்லவே இல்லை. ஆள் இழுபட்டு வரும் வரைக்கும் வைத்திருங்கள், வந்ததும் அவன் விட்டுவிட்டு வந்த இடத்துக்குக் கொடுங்கள் என்றார். ஆள் வந்தான். கொடுக்கத்தான் எங்களுக்குக் கால் வரவில்லை. நீட்டி அடியுங்கள் என்கிறீர்கள், எங்கள் 9ஆம் நம்பரின் உயரம் உங்களுக்குத் தெரியும்தானே. தூக்கி அடித்தால் அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

8.55 நான்: இதில் தம்பி பக்கம்தான் நான். பாஸுக்காகப் பாஸ் போடுகிற ஆட்டம் தனக்கே பிடிக்காது என்று, பாஸ் ஆட்டத்துக்குப் பேர்போன கோச் கார்டியோலாவே சொன்னவர். யூரோ 2024, ஐரோப்பியக் கிண்ணத்தைப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் குரோஷியாவிடம்தான் பந்து அதிக நேரம் இருந்தது. ஸ்பெயின் 3-0. இரண்டு ஓரத்திலும் யமாலும் நிக்கோ வில்லியம்ஸும், வாங்கின உடனே ஆளைத் தாண்ட ஓடுகிறார்கள், பந்து போனாலும் கவலை இல்லை. அந்த முறை ஏழு ஆட்டமும் வென்று கிண்ணம். தட்டுவதை விடவில்லை, தட்டிய பிறகு ஓட ஆள் வைத்தார்கள்.

9.01 கட்டார் அத்தான்: பந்தே வேண்டாம் என்று கிண்ணம் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் லெஸ்டர், 2016. நீயே வைத்திரு என்று எதிராளிக்குக் கொடுத்துவிட்டு, பறித்ததும் முன்னால் ஓடுகிற வார்டிக்கு ஒரே அடி.

9.02 சின்ன மாமா: எங்களிடம் வார்டி இல்லை மகன். ஓட்டோ ஓட்டுகிற நான்தான் இருக்கிறேன்.

9.06 பெரிய மாமா: குளத்துக்குள் தட்டினது பிழைதான். அதைக் கோச்சும் பொடியன்களும் பார்க்க வேணும். ஆனால் சின்னவன், நீ 86இல் வெறும் கோலுக்கு முன்னால் நின்று வாவிக்கு அடித்தாய். நான் ஏசினேனா?

9.07 சின்ன மாமா: ஏசவில்லை. மூன்று நாள் கதைக்கவில்லை.

9.08 பெரிய மாமா: ஏசவில்லைத்தானே.

9.15 மாமி: இறாலுக்கு நானே போகிறேன். ஒருவரும் வேண்டாம்.

செவ்வாய்

7.20 தம்பி: இன்றைக்குப் பயிற்சிக்குப் பிறகு கோச் கதைத்தார். தண்ணீர் நிற்கிற நாளில் கோல் கிக் நீட்டித்தான் அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். கோல் வாசலை நிரப்ப ஒரு லோட் மண் வேணுமாம். ஏற்றிக்கொண்டு வர யாரிடமாவது வாகனம் இருக்குமா என்று கேட்கச் சொன்னார்.

7.22 சின்ன மாமா: என் சிநேகிதனிடம் லேண்ட்மாஸ்டர் இருக்கு. டீசலுக்குக் காசு கொடுத்தால் சனிக்கிழமை வருவான்.

7.31 கட்டார் அத்தான்: மண்ணுக்கு நான் 5000 போடுகிறேன். அக்காவிடம் வாங்கிக்கொள் தம்பி.

7.32 அக்கா: என்னிடமா? நல்ல கதை.

7.40 தம்பி: மாமா, ஞாயிறு வருவீர்களா?

7.43 சின்ன மாமா: வராமல்? வாய் நிறைய வெற்றிலை போட்டுக்கொண்டு வருகிறேன். கத்த நினைத்தாலும் ஏலாது.

7.44 மாமி: பக்கத்தில் நிற்கிறவர்கள் வெள்ளைச் சட்டை போட வேண்டாம்.

7.47 தம்பி: நான் முன்னால்தான் கொடுப்பேன். இப்போதே சொல்கிறேன், பத்தில் ஏழு போகாது.

7.49 சின்ன மாமா: ஏழு கொஞ்சம் கூட இல்லையா மருமகன்? ஐந்து?

7.49 பெரிய மாமா: சின்னவன், வெற்றிலையைப் போடு.