முதல் ஆல்பத்துக்கு ஒற்றைச் சுர சின்த் போதுமா? யாஸூவை முன்வைத்து

தகடூரான்:
தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இரண்டு பேர் சேர்ந்து வீட்டிலேயே மின்னிசைப் பாப் ஆல்பம் போடுவதானால், யாஸூ என்ற பிரிட்டிஷ் இரட்டையரின் ‘அப்ஸ்டேர்ஸ் அட் எரிக்ஸ்’ வழியில்தான் போக வேண்டும் என்கிறேன். 1982-இல் வந்த அவர்களின் முதல் ஆல்பம். டெபெஷ் மோட் குழுவை விட்டு வெளியேறிய வின்ஸ் கிளார்க் சின்த் (சின்தசைசர், மின்சாரத்தில் ஒலியை உண்டாக்கும் கருவி), அலிசன் மொயே குரல். பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் 2-ஆம் இடம் வரை ஏறியது. அதில் நிறையக் கேட்கும் ப்ரோ-ஒன் சின்த்தில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். அதனால் கார்ட்ஸ் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மொத்தையாக விழாமல் சுரம் சுரமாக உடைந்து ஓடுகிறது, குரலுக்கு நடுவில் இடம் கிடைக்கிறது. இன்றைக்கும் சாஃப்ட் சின்த்தில் (கணினிக்குள் ஓடும் சின்த்) வாய்ஸ் எண்ணிக்கையை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களை, 1 என்று வையுங்கள். கிக், ஸ்னேர், ஹை-ஹாட் என்ற டிரம் ஒலிகள், பேஸ் (அடிச்சுர வரி), எதிர்வரி இரண்டு, குரல். 8 டிராக்கைத் தாண்டவே வேண்டாம்.

ராயக்கோட்டை:
ஒப்புக்கொள்ள முடியாதுங்க. அது அன்றைய கருவியின் வரம்பு. ரோலண்ட் எம்சி-4 மாதிரி சீக்வென்சரில் (சுரங்களை வரிசையாகப் பதிந்து சின்த்தைத் தானே வாசிக்க வைக்கும் கருவி) ஒவ்வொரு சுரத்தின் உயரத்தையும் நீளத்தையும் எண்ணாகத் தட்டிய காலம் அது. அதைவிட முக்கியம், அந்த ஒற்றை வரிகள் வெறிச்சோடாமல் இருப்பதற்குக் காரணம் மொயேவின் கனத்த கீழ்க்குரல். 200–500 ஹெர்ட்ஸ் என்ற கனமான கீழ்ப்பகுதியை அவரே நிரப்பிவிடுகிறார். மெல்லிய குரலை அதே ஏற்பாட்டில் நிறுத்தினால் பாட்டு மொட்டையாக நிற்கும். பின்னால் ஒரு பேட் (நீண்டு பரவி ஒலிக்கும் சின்த் சுரங்கள்) கட்டாயம் வேண்டும்.

தகடூரான்:
பேட் வந்தால் சொல் மூழ்கும். மெய்யெழுத்தின் தெளிவு பெரும்பாலும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. மேல் அதிர்வெண்களை வெட்டாத பேடும் அங்கேயேதான் வந்து உட்காரும். மெல்லிய குரலுக்கு வேறு வழி இருக்கிறது. மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று பல்லவியை இன்னொரு தடவை பாடிப் பதியுங்கள். இரண்டாவதை 6 டெசிபல் தாழ்த்தி அடியில் போடுங்கள். முதல் பதிவை (டேக்) நகலெடுத்து ஒட்டினால் சத்தம்தான் கூடும், கனம் வராது. டிலே (தாமதித்து வரும் எதிரொலி) வேண்டுமென்றால் வேகத்தோடு கணக்குப் போடுங்கள்: 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 அடி) ஒரு அடி 500 மில்லிசெகண்ட், முக்கால் அடி 375.

பாலக்கோடு பம்பை:
அண்ணா, இரண்டு பேருமே அறையை விட்டுவிட்டீர்கள். நம் பக்கம் வீட்டுப் பதிவு என்றால் பத்துக்குப் பத்து கான்கிரீட் அறை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 10 அடி இருந்தால் சுமார் 56 ஹெர்ட்ஸில் அறையே அதிரும். நீளமும் அகலமும் ஒன்று என்பதால் அதிர்வு ஒரே இடத்தில் இரண்டு மடங்காகக் குவியும். பேஸின் கீழ் ‘ஏ’ சுரம் 55 ஹெர்ட்ஸ். அந்தச் சுரம் மட்டும் முழங்கும், பக்கத்துச் சுரங்கள் மெலியும். முழக்கத்தைக் கேட்டு பேஸைக் குறைப்பீர்கள், பாட்டு பஸ்ஸில் ஓடும்போது பேஸே இருக்காது. இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைத்தால் குரலின் எதிரொலி அடங்கும், 56 ஹெர்ட்ஸ் அதிர்வு அடங்காது. அதற்கு மூலைகளில் 4 அங்குல ராக்வுல் (ஒலியை உறிஞ்சும் கல்நார்ப் பஞ்சுப் பலகை போன்றது, ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் அல்ல), சுவரோடு ஒட்டாமல். அதுவும் ஓரளவுதான் பிடிக்கும். ஸ்பீக்கரையும் நாற்காலியையும் அறையின் நட்டநடுவே போடாதீர்கள். பேஸ் அளவை ஹெட்போனில் முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று, 50 ஹெர்ட்ஸ் ‘ஹம்’, மின்சாரத்தால் வரும் இரைச்சல். லேப்டாப் ஒரு பிளக்கிலும் மிக்ஸர் வேறு பிளக்கிலும் இருந்தால் கிரவுண்ட் லூப் (எர்த் கம்பிகள் வளையமாகி இரைச்சலைப் பிடிப்பது) வரும். எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷனில் எல்லாவற்றையும் மாட்டுங்கள். எர்த் பின்னை மட்டும் உடைக்கவே கூடாது, உயிருக்கு ஆபத்து.

ராயக்கோட்டை:
அறை பற்றித் தம்பி சொன்னது முழுக்கச் சரி. பேடும் எனக்கு 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டித்தான் வேண்டும், 2.5 கிலோ அருகே 3 டெசிபல் இறக்கித்தான் வேண்டும். தகடூரான் அஞ்சுவது வெட்டாத பேடுக்கு. ஆனால் அனலாக் சின்த் மோகத்தில் பழைய ப்ரோ-ஒன்னைத் தேடி அலைய வேண்டாம். சித்திரை வெயிலில் ஆஸிலேட்டர் (சின்த்தில் ஒலியை உண்டாக்கும் பகுதி) சுருதி நகரும். அனலாக்தான் என்றால் அரை மணி நேரம் ஓடவிட்டு, டியூன் செய்து, ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் சரிபாருங்கள். லேப்டாப்பில் அந்தத் தொல்லை இல்லை: பதிவுத் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்; பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்து வைக்கும் அளவு, குறைந்தால் தாமதம் குறையும்) வாசிக்கும்போது 128, மிக்ஸிங்கில் 1024.

தகடூரான்:
லேப்டாப் சரி, அதில் சண்டை இல்லை. பேடில்தான் இன்னும் மாறவில்லை. தாளத்தை மியூட் செய்து பேஸையும் குரலையும் மட்டும் ஓடவிடுங்கள். பாட்டு அப்போதே தன் காலில் நின்றால் பேட் தேவையில்லை. நிற்கவில்லை என்றால் பேஸ் வரியை மாற்றி எழுதுங்கள்.

பாலக்கோடு பம்பை:
பம்பை மேளம் சேர்ப்பவர்கள் தோலை இழுத்துக் கட்டியதும் முதலில் அதன் சுருதியை அளந்து, பாட்டின் கட்டையை (அடிச்சுருதியை) அதற்குப் பக்கத்தில் வையுங்கள். சின்த்தை அரைக்கட்டை நகர்த்துவது ஒரு பட்டன். காய்ந்த தோலைத் திரும்ப இறக்குவது அவ்வளவு சுலபமில்லை.