ஜான் கிரெகரியை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

2017 நவம்பர் 19, பெரியமேடு நேரு ஸ்டேடியம். ஐஎஸ்எல் கால்பந்து சீசனில் சென்னையின் எஃப்சிக்கு முதல் ஆட்டம், எதிரே கோவா. பாதி நேரத்துக்குள் மூன்று கோல் வாங்கிவிட்டோம். புதுக் கோச் ஜான் கிரெகரிக்கும் அதுதான் முதல் மேட்ச். "இந்த வயசானவரை எங்கேருந்து புடிச்சாங்க?" என்று பக்கத்து சீட்டுக்காரர் பொரிந்து தள்ளினார். அப்போது கிரெகரிக்கு 63 வயது. இரண்டாம் பாதியில் கால்டெரோன் ஒன்று, ரஃபேல் அகுஸ்டோ பெனால்டியில் ஒன்று. 3-2 என்று தோற்றோம். ஆனாலும் கடைசி இருபது நிமிடம் நம் பையன்கள் ஓடிய ஓட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்றிரவு உட்கார்ந்து அவர் கதையைத் தேடிப் படித்தேன். இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப்பில் பிறந்தவர். நார்தாம்ப்டன், ஆஸ்டன் வில்லா, பிரைட்டன், க்யூபிஆர், டார்பி என்று அந்த நாட்டு கிளப்புகளுக்கு ஊர் ஊராக ஆடியிருக்கிறார். வில்லாவில் கோல்கீப்பர் இடம் தவிர மற்ற எல்லா இடத்திலும் இறக்கிவிட்டிருக்கிறார்கள். இங்கிலாந்துக்காக ஆடியது ஆறே ஆட்டம். 1982-இல் லண்டன் வெம்ப்லி மைதானத்தில், இங்கிலாந்து கிளப்புகளின் எஃப்ஏ கோப்பை இறுதியில் க்யூபிஆருக்காக ஆடித் தோல்வி. 2000-இல் அதே வெம்ப்லிக்கு வில்லாவின் மேனேஜராகப் போய், செல்சியிடம் ஒரே கோலில் மறுபடி தோல்வி. அப்புறம் இஸ்ரேல், கசகஸ்தான், கடைசியில் சின்ன கிளப்பான கிராலி. அங்கிருந்து இதய அறுவை சிகிச்சைக்காக விலகியவர் மூன்று வருடம் கழித்து இங்கே வந்திருக்கிறார். எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடிய மனிதர் என்பதால் எனக்கு அவர்மேல் அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

* * *

அண்ணே, நான் வியாசர்பாடி. எங்களுக்கு கிரெகரி என்றால் 2018 மார்ச் 13தான். அரையிறுதி, மறுபடி கோவா. முதலில் ஜெஜெ அடித்தார், மூன்றே நிமிடத்தில் எங்க ஏரியா தனபால் கணேஷ் தலையால் முட்டி இரண்டாவது. கேலரியில் நான் அழுதேவிட்டேன். 3-0. நாங்கள் சின்ன வயசில் பந்து உதைத்த அதே மண்ணிலிருந்து போன பையனை இவ்வளவு பெரிய ஆட்டத்தில் நடுக்களத்தில் நம்பி நிறுத்தினாரே, அதற்காகவே அவரை மறக்க மாட்டோம்.

நாலு நாள் கழித்து ஃபைனலுக்கு ராத்திரி பஸ் பிடித்து பெங்களூர் போனோம். கண்டீரவா ஸ்டேடியம் முழுக்க எதிரணி பெங்களூரு எஃப்சியின் நீல ஜெர்சி. 9-ஆவது நிமிடம் சேத்ரி அடித்ததும் எங்கள் பக்கம் மூச்சே இல்லை. அப்புறம் கார்னரில் மெயில்சன் ஒரு ஹெட்டர். பாதி நேரத்துக்குச் சற்று முன் இன்னொரு கார்னர், அதே மெயில்சன், அதே தலை. ஒரு தடவை என்றால் அதிர்ஷ்டம் எனலாம். இரண்டு தடவை என்றால் பழக்கிவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அகுஸ்டோ நமக்கு மூன்றாவது அடித்தார், கடைசியில் அவர்கள் ஒன்று திருப்பியும் 3-2, கோப்பை நமக்கு. வெம்ப்லியில் இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பியவர் கண்டீரவாவில் ஜெயித்தார்.

* * *

கோப்பை வருடத்தை எல்லோரும் எழுதுவீர்கள். நான் அடுத்த வருடமும் ஒரு மேட்ச் விடாமல் போனவன். 18 ஆட்டத்தில் 9 புள்ளி, கடைசி இடம். அந்தப் பழியில் பெரும்பங்கு கிரெகரியுடையதுதான். டீம் தளர்ந்தது தெரிந்தும் சரிசெய்ய வெகுநாள் எடுத்துக்கொண்டார்.

2019 நவம்பரில் ஹைதராபாத் மேட்ச். அதுவரை நாலு ஆட்டமாக நமக்கு ஒரு கோல்கூட இல்லை. 90 நிமிடம் முடிந்தும் 0-0. எனக்கு முன்வரிசையில் பாதிப் பேர் கடைசி ட்ரெயினைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். கூடுதல் நேரத்தில் ஷெம்ப்ரி அடித்தார். கொண்டாடி முடிப்பதற்குள் அவர்கள் திருப்பினார்கள். உடனே நமக்கு இன்னொன்று, வால்ஸ்கிஸ்! படியில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் சத்தம் கேட்டு மேலே ஓடி வந்தார்கள். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அந்த மாதம் முடிவதற்குள் கிரெகரி விலகிவிட்டார்.