மறு: 'பிரின்சிபிள்' வினாவுக்குத் தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம். சட்ட நுழைவுத் தேர்வுகளில் வரும் 'பிரின்சிபிள்' (principle) வினாவுக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோமே, அதைப் பற்றி.

> 'கோட்பாட்டு வினா' போதுமே. புதிதாக எதற்கு?

குன்னூர் ஐயா சொல்வது எனக்கு ஒத்துவரவில்லை. கோட்பாடு என்றதும் பிள்ளைகளுக்குச் சார்பியல் கோட்பாடுதான் நினைவுக்கு வருகிறது. தத்துவம் ஆர்க்கிமிடிசுக்குப் போய்விட்டது, கொள்கை கட்சிகளுக்கு. 'நெறி' காலியாக இருக்கிறது, கூட்டுச்சொல்லுக்கும் வளையும்.

கூட்டுச்சொல் ஏன் வேண்டும் என்றால், ஒரே பெயருக்குள் மூன்று வேலை ஒளிந்திருக்கிறது. எல்சாட்டில் (அமெரிக்கச் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு) ஒரு வினா நிகழ்வைச் சொல்லி, அதற்கு அடியில் உள்ள பொதுநெறியைக் கேட்கும். இன்னொன்று நெறியைக் கொடுத்து, எந்தத் தீர்ப்பு அதற்கு ஒத்துப்போகிறது என்று கேட்கும். மூன்றாவது ஒரு நிகழ்வைக் காட்டி, அதே நெறியில் நடக்கும் வேறு நிகழ்வைத் தேடச் சொல்லும். முறையே நெறிகாண் வினா, நெறிபொருத்து வினா, இணைநெறி வினா என்கிறேன். 2024 ஆகஸ்டிலிருந்து எல்சாட்டில் புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டு, தருக்கப் பகுதியை இரண்டாக்கிவிட்டார்கள். அதனால் இவற்றுக்கு எடை கூடியிருக்கிறது. கிளாட்டிலோ (நம் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் நுழைவுத் தேர்வு) 2020-க்கு முன் நெறி தனியாக, நிகழ்வு தனியாக அச்சாகி வரும். இப்போது பத்திக்குள் கிடக்கும் நெறியைக் கண்டெடுத்த பிறகுதான் பொருத்தவே முடியும்.

பிள்ளைகள் அதிகம் வழுக்குவது நெறிபொருத்து வினாவில்தான். கோத்தகிரியில் ஞாயிறு வகுப்பில் நான் கொடுக்கும் மாதிரி: "டிஎன் 43 பதிவெண் உள்ள வண்டி மலைக்கு வர இ-பாஸ் தேவையில்லை." இவ்வளவுதான் நெறி. (டிஎன் 43 நீலகிரிப் பதிவெண்; இ-பாஸ் என்பது மலைக்கு வர இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு.) கோவைப் பதிவெண் கார் ஒன்று மலையடிவாரத்தில் கல்லாறு வந்து நிற்கிறது. அதற்கு இ-பாஸ் வேண்டுமா? வகுப்பே "வேண்டும்" என்கிறது. 2024 மே மாதத்திலிருந்து சோதனைச்சாவடியில் கண்ணால் பார்ப்பதாயிற்றே! ஆனால் கொடுத்த நெறி வெளியூர் வண்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை. 'வேண்டும்' என்ற விடை ஊரில் சரி, தாளில் தப்பு. "டிஎன் 43 வண்டிக்கு மட்டுமே தேவையில்லை" என்று இருந்திருந்தால் கதை வேறு. அந்த 'மட்டுமே' இருக்கிறதா என்று தேடவைப்பதற்கே எனக்கு ஒரு மாதம் ஓடிவிடுகிறது. சட்டம் படித்த வீட்டுப் பிள்ளைகள் இதில் இன்னும் மோசம். தெரிந்ததையெல்லாம் கொண்டுவந்து கொட்டுவார்கள்.

'பொருத்து' என்ற வினை பெயரிலேயே இருந்தால், கொடுத்ததைத்தான் பொருத்த வேண்டும் என்பது கொஞ்சமாவது உறைக்கும் என்று நினைக்கிறேன். ஐயா, 'கோட்பாட்டு வினா'வில் அந்த வசதி இல்லை.

---

> நெறிகாண், நெறிபொருத்து, இணைநெறி

அம்மா, முதல் இரண்டும் சரி. கோட்பாட்டை விட்டுவிடுகிறேன். நெறிபொருத்து என்பதில் 'ப்' சேர்க்க வேண்டாம்; வழிகாட்டிக்கு நாம் 'க்' போடுவதில்லையே.

இணைநெறியைத்தான் ஏற்க முடியவில்லை. இணை என்றால் இரண்டு நெறி பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதுபோல் ஆகிறது. அந்த வினாவில் இரண்டாக இருப்பவை நிகழ்வுகள், நெறி ஒன்றே. தேயிலைத் தொழிற்சாலைத் தகராறு முதல் நிகழ்வு என்றால், விடை நூலகத் தகராறாகவும் இருக்கலாம். தேயிலை என்ற சொல் மறுபடி வரும் விடையைப் பிடித்துக்கொள்பவர்கள்தானே ஏமாறுகிறார்கள்? 'ஒருநெறி வினா' என்று வைத்தால் அவர்கள் நிகழ்வை விட்டு நெறியைப் பார்ப்பார்கள்.

மறுப்பு இல்லையென்றால் கையேட்டில் இந்த மூன்றையும் போட்டுவிடலாம்.